காண்டிராக்டருக்கு லீவு யார் தருவது?

சாணக்யபுரி என்றதும் பலருக்கு நினைவு வருவது கொடிகள்தான். சுதந்திரத்துக்குப் பின் 1950-களில் அன்னிய நாட்டுத் தூதரகங்களுக்கென்றே அரசு மனை பிரித்துக் கொடுத்த பேட்டை அது. நடுவே அகன்ற சாந்தி பத், இருபுறமும் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் உயர்ந்த மதில்கள். அமெரிக்கத் தூதரகத்தின் கட்டிடம் 1959-ல் திறக்கப்பட்டது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகத் தத்தம் பாணியில் மாளிகை எழுப்பின. நம்மவர்களுக்கோ கௌடில்ய மார்க் என்றால் தமிழ்நாடு இல்லத்தின் முகவரி. அதற்கு மேல் அந்தப் பேட்டையில் நமக்கு என்ன வேலை என்று நினைப்பவர்களே அதிகம்.

வேலை இருக்கிறது. அந்த மாளிகைகளுக்கு வர்ணம் பூசவும், மொட்டை மாடி ஒழுக்கை அடைக்கவும், குழாய் மாற்றவும், ஏ.சி. பழுது பார்க்கவும், விருந்து நாளில் பந்தல் போடவும் ஆள் வேண்டும். இந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல. ஐந்தாறு ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு செல்போனுமாக அலையும் சின்னக் காண்டிராக்டர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. மேஸ்திரியாகவோ கையாளாகவோ வந்து, பத்து வருஷத்தில் தொழில் பழகி, "இனி நாமே எடுத்துச் செய்வோம்" என்று துணிந்து இறங்கியவர்கள்.

நம் ஊர் சினிமாவில் காண்டிராக்டர் என்றால் ஜீப்பும் புலிநகச் சங்கிலியுமாக வருவார். டில்லியில் பார்க்கும் காண்டிராக்டர், சாரத்தின் கீழே நின்று தம் ஆட்களோடு ஒரே டீயைப் பங்கிட்டுக் குடிப்பவர். அவர் முதலாளியா, தொழிலாளியா என்று கேட்டால் அவருக்கே சரியான பதில் தெரியாது. அவருக்கு வரும் ஒரு நோயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர்கள் அதை மனச்சோர்வு என்கிறார்கள். "மனசு சரியில்லை", "எதிலும் பிடிப்பில்லை", "உடம்பு அசதி" என்பது நம் வீட்டு வழக்கு. இது எல்லாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வந்தால் நாலாம் நாள் ஸெக்ஷன் ஆபீசர் கவனித்துவிடுவார். மெடிக்கல் லீவு இருக்கிறது, சம்பளம் உண்டு, மத்திய அரசு ஊழியர் என்றால் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்ஸரியும் உண்டு. கூலி ஆள் இரண்டு நாள் வராவிட்டால் மேஸ்திரி தேடி வருவார். காண்டிராக்டர் வராவிட்டால் யார் தேடுவார்கள்? வேலை கொடுத்தவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். கூலி பாக்கிக்காரர்கள் மட்டும் வீடு தேடி வருவார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 2021-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004. சுயதொழில் செய்பவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் 20,231. கடைக்காரர், தெரு வியாபாரி, சிறு வர்த்தகர், கைத்தொழில்காரர் எல்லாரும் இரண்டாவது வகுப்பில் அடக்கம். இத்தனை பேருக்கும் மனச்சோர்வுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடன், குடும்பச் சண்டை, தீராத வியாதி, குடி என்று பலவும் பின்னிக் கிடக்கும். ஆயினும் தமக்குத் தாமே எஜமானராக இருப்பவர்கள் நிம்மதியானவர்கள் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு அசைத்துவிடுகிறது.

முதலில் நின்றுபோவது பேனா

ஒரு பெயின்டிங் காண்டிராக்டரை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர் ஒருவரல்லர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர், வயது நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டி பார்ப்பதிலும் எமல்ஷன் அடிப்பதிலும் அவர் கை சுத்தம். அதனால்தான் ஒரு பங்களாவில் செய்த வேலையைப் பார்த்து அடுத்த பங்களாவில் கூப்பிட்டார்கள்.

அவருக்கு நோய் எப்படி ஆரம்பிக்கிறது? அழுகையோடு அல்ல. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, பிறகு தூக்கமில்லை. படுத்தபடி யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று மனக்கணக்குப் போடுகிறார். விடிந்ததும் எழுந்திருக்கத்தான் கால் வரவில்லை. ஸைட்டுக்குப் போகிறார், நிற்கிறார், ஆட்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறார். ஆனால் வேலை முடிந்து பத்து நாள் ஆகியும் அளவு எடுத்து பில் எழுதவில்லை. எஸ்டிமேட் கேட்டவர்களுக்கு எஸ்டிமேட் போகவில்லை. செல்போன் அடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, மேஸ்திரி மூணு தரம் கூப்பிட்டுட்டாரு. எடுத்துப் பேசுங்களேன்."

"அப்புறம் பேசிக்கிறேன்."

"அந்தப் பங்களாக்காரங்களும் பில்லு கேட்டாங்களாமே. பணம் குடுக்கிறேன்னு அவங்களே சொல்லும்போது எழுதிக் குடுக்கிறதுக்கு என்னங்க?"

பதில் இல்லை. வரவேண்டிய பணத்துக்கு ஒரு காகிதம் எழுதக் கை வராத மனிதரைப் பார்த்தால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கோபம்தான் வரும். சோம்பேறித்தனம் என்பார்கள். அவரும் தம்மைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்.

ஆனால் இது சோம்பேறித்தனமன்று. கவனம் சிதறுவதும், சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமல் திணறுவதும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் இந்த நோயின் அடையாளங்கள் என்று வைத்திய நூல்களே சொல்கின்றன. சாந்துக் கரண்டியும் பிரஷ்ஷும் பிடித்த கைக்குப் பழக்கம் இருக்கிறது; அது மனத்தை எதிர்பாராமல் தன் வேலையைச் செய்துவிடும். பில் எழுதுவதற்கோ சதுர அடி கூட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. பார்க்க வேண்டும், என்ன விலை போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். ஆகவேதான் காண்டிராக்டருக்கு நோய் கண்டால் முதலில் நின்றுபோவது பேனா. ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், கூலி போய்க்கொண்டே இருக்கும், வரவு மட்டும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் உண்மையாகவே கடன் சேர்ந்துவிடும். அப்போது எல்லாரும் "கடன் தொல்லையால் மனம் உடைந்துவிட்டார்" என்பார்கள். எது முன்னே வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

கவலை வேறு, நோய் வேறு

காண்டிராக்டருக்குக் கவலைப்பட நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. டில்லியில் குளிர்காலம் வந்தால் காற்று கெட்டுவிடும். மாசு ஓர் அளவைத் தாண்டியதும் கட்டிட வேலைகளை நிறுத்தும்படி உத்தரவு வரும். 2017 முதல் இதற்கென்று படிப்படியான திட்டமே நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்துகொண்ட கட்டிடத் தொழிலாளருக்கு அந்த நாட்களில் அரசு உதவித்தொகை கொடுத்த ஆண்டுகள் உண்டு. ஆட்களை ஊருக்கு அனுப்பாமல் சோறு போட்டு வைத்திருக்கும் காண்டிராக்டருக்கு எதுவும் இல்லை. பெரிய மாநாடு வந்தாலும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்தபோது புது டில்லி வட்டாரமே அடைத்துக் கிடந்தது. நாட்டுக்குப் பெருமை, சாரத்தைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு வாடகைதான் ஏறியது.

சாணக்யபுரிக்கென்று தனியாக ஒரு சங்கடமும் இருக்கிறது. அர்த்தசாஸ்திரம், செய்த வேலைக்குக் கூலி தராதவனுக்கு அபராதம் விதிக்கிறது. அதை எழுதியவராகச் சொல்லப்படும் சாணக்யரின் பெயரால் அமைந்த இந்தப் புரியிலோ, வேலை கொடுத்தது அன்னிய அரசாக இருந்துவிட்டால் சட்டெனக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86-வது பிரிவுப்படி, அன்னிய நாட்டின் மீதோ அதன் தூதர் மீதோ வழக்குப் போட மத்திய அரசின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும்.

இது ஏட்டளவில் உள்ள சங்கதியல்ல. ஹர்பஜன் சிங் தல்லா என்பவர் டில்லியில் அல்ஜீரியத் தூதரகத்துக்கும் தூதரின் இல்லத்துக்கும் பராமரிப்பு வேலை செய்தார். தமக்குச் சேரவேண்டிய தொகை வரவில்லை என்று வழக்குப் போட அனுமதி கேட்டார். வெளிநாட்டு அமைச்சகம் அரசியல் காரணத்தைச் சொல்லி மறுத்தது. அவர் விடவில்லை. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1986-ல் கோர்ட் அந்த மறுப்பைத் தள்ளி, விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் சம்மதத்தைக் காரணமின்றி மறுப்பது சரியல்ல என்பதற்கு வக்கீல்கள் இன்றும் காட்டும் தீர்ப்பு இது. ஆனால் பாருங்கள், பணம் கைக்கு வந்த தீர்ப்பல்ல இது. பணத்தைக் கேட்பதற்கு அனுமதி கேட்டதைப் பற்றிய தீர்ப்பு!

நியாயம் சொல்ல வேண்டுமானால், எல்லாத் தூதரகங்களும் பாக்கி வைப்பவை அல்ல. ஒழுங்காக செக் கொடுப்பதால்தான் அங்கே வேலைக்குப் போட்டி. சாதாரண வீட்டுக்காரரும் கம்பெனியும் பாக்கி வைத்தால் வேறு வழிகள் இருக்கின்றன. 2006-ம் வருஷத்து குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால் ரிசர்வ் பாங்கின் பாங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி. அதற்கு உத்யம் பதிவு வேண்டும், பதிவு இலவசம். கட்டிட ஒப்பந்த வேலைகளுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் கோர்ட்டுகள் பலவிதமாகச் சொல்லியிருப்பதால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கவலைக்குக் காரணங்கள். கவலைக்குக் காரணம் இருக்கிறது என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. இதைத்தான் நம்மவர்கள் புரிந்துகொள்வதில்லை. "பாக்கி வசூலானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நாளைக் கடத்துகிறார்கள். கவலை மட்டும் உள்ளவருக்கு அது உண்மையே. செக் வந்த அன்று இரவு நன்றாகத் தூங்குவார், பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிப் போவார். நோய் கண்டவருக்குச் செக் வந்தாலும் முகம் மாறாது. அதைப் பாங்கில் போடுவதற்கே அலுப்பு வரும். நம்முடைய காண்டிராக்டரின் சட்டைப் பையில் நாலு நாளாகச் செக் கசங்கிக் கிடந்தால், அவர் மனைவி அதைத் துவைக்கும்போது கண்டெடுத்தால், பணக்கஷ்டத்தைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்று அந்த அம்மாள் முடிவு செய்யலாம்.

பொதுவாக டாக்டர்கள் பார்ப்பது இரண்டு வாரக் கணக்கு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாள் முழுவதும் மனம் வாடியிருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, எடை மாறுவது, அசதி, குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் பலவும் சேர்ந்திருந்தால் வைத்தியம் தேவை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுத்த கணக்குப்படி, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வருகிறது. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போவதில்லை என்றும் அதே கணக்கு சொல்கிறது.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

சாணக்யபுரியிலிருந்து ஸஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதன் எதிரே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் பக்கம்தான். ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி கன்னாட் பிளேஸ் போகும் வழியில். மூன்றும் அரசு ஆஸ்பத்திரிகள். மூன்றிலும் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. யமுனைக்கு அப்பால் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் இருக்கிறது. ஒரு காலத்தில் ஷாதரா பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பெயர் வாங்கியிருந்த இடம், சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பின் 1993-ல் புதிய நிறுவனமாக மாற்றப்பட்டது. அந்தப் பழைய பெயருக்குப் பயந்து இன்னும் போகாதவர்கள் உண்டு. போவதால் யாரும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளப் போவதில்லை. பெரும்பாலோர் ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்தோடு வீடு திரும்புகிறவர்கள்தான்.

நம்மவர்களுக்கு அங்கே உள்ள கஷ்டம் பாஷை. ஹிந்தியில் சிமெண்ட் விலை பேசத் தெரியும், மனத்தைப் பேசத் தெரியாது. "கம்ஸோரி ஹை, ஸிர் தர்த் ஹை" என்று சொன்னால் சத்து மாத்திரையும் தலைவலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கூட்டம் அப்படி. "மன் உதாஸ் ரஹ்தா ஹை, காம் மே ஜீ நஹீ லக்தா, சுபஹ் தீன் பஜே நீந்த் டூட் ஜாதீ ஹை" என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார். எத்தனை நாளாக, குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை, தைராய்டு உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது உத்தமம். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி அசதி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்த காலம் இருந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லவேண்டும். அதற்கு வைத்தியமே வேறு.

மருந்து பற்றி ஒன்று. மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை அல்ல. சாப்பிட்ட அன்றே தெரியாது. இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். முதல் வாரத்தில் குமட்டலும் வாய் வறட்சியும் பலன் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பேர் கொஞ்சம் தெளிந்ததும் "இனி எதற்கு?" என்று நிறுத்துகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாக. ஆயுள் முழுதும் அடிமையாகிவிடுவோம் என்பது இந்த மாத்திரைகளைப் பற்றிய வீண் பயம். சாயங்காலம் ஆனால் தேடிப் போகிற பாட்டிலுக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும். மது அந்த ராத்திரி கொஞ்சம் மறக்கடிக்கும், மூன்று மணி விழிப்பை இரண்டு மணியாக்கும்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் மலைமந்திரில் முருகனைத் தரிசித்துப் படியிறங்கும்போது மனம் லேசாவது எத்தனையோ பேர் அனுபவம். முருகனைக் கும்பிட்ட கையோடு ஓ.பி. சீட்டும் வாங்கலாம், இரண்டுக்கும் விரோதமில்லை.

கோவாவில் கண்டது

"மனசு சரியானதும் வேலைக்குப் போகிறேன்" என்பது இந்த நோய் கண்டவர்களின் பல்லவி. வீட்டாரும் "ரெஸ்ட் எடுங்க" என்கிறார்கள். கோவாவில் செய்த ஒரு சோதனை இதற்கு நேர் மாறாகப் பேசுகிறது.

டாக்டர் விக்ரம் பட்டேலும் அவர் சேர்ந்து தொடங்கிய ‘சங்கத்’ என்ற ஸ்தாபனமும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு கண்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். மனநோய் டாக்டர்கள் அங்கே ஏது? உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டுத் தடவை நோயாளியோடு உட்கார்ந்து பேச வைத்தார்கள். பேச்சின் சாரம் எளியது. மனம் தெளிந்த பிறகு காரியம் செய்யக் காத்திராதே. சின்னக் காரியம் ஒன்றைச் செய், மனம் பின்னால் வரும். காலையில் குளிப்பது, கடைக்குப் போவது, விட்டுப்போன நண்பனைப் பார்ப்பது என்று நோயாளியோடு சேர்ந்து பட்டியல் போடுவார்கள். அடுத்த வாரம் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று கேட்பார்கள். 2017-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வந்தது. இப்படிப் பேசப்பட்டவர்களில் மூன்று மாதத்தில் நோய் நீங்கியவர்கள் நூற்றுக்கு 64. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39.

காண்டிராக்டருக்கு இதில் பாடம் இருக்கிறது. முழு ஓய்வு அவருக்கு எதிரி. நாள் முழுவதும் படுத்துக் கிடந்தால் மனக்கணக்குத்தான் ஓடும். முழு வேலையும் அவரால் ஆகாது. ஆகவே பாதி வேலை. ஸைட்டை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, தினம் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரமாவது போய் நிற்கலாம். ஒரு சுவரை அவரே பட்டி பார்க்கலாம். கை பழகிய வேலையில் முதலில் நிதானம் வரும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குப் புதிதாகப் பெரிய ஒப்பந்தம் எடுக்க வேண்டாம். அதே மாதிரி, தொழிலை மூடுகிறேன், சாரக் கட்டைகளை விற்கிறேன், ஊருக்கே போய்விடுகிறேன் என்ற பெரிய முடிவுகளும் வேண்டாம். நோய் இருக்கும்போது எடுக்கும் முடிவில் பாதி நோயின் முடிவு.

ஊருக்குப் போய்வருவது நல்லதா? அது ஊரைப் பொறுத்தது. அம்மா கையால் சாப்பிட்டு, கயிற்றுக் கட்டிலில் பத்து நாள் கிடந்து தேறியவர்கள் உண்டு. ஆனால் சில ஊர்களில் அவர் இறங்கும்போதே "டில்லி காண்டிராக்டர் வந்துட்டார்" என்று கோயில் நன்கொடை ரசீதுப் புத்தகம் வந்துவிடும். தம்பி மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்வார் என்ற பேச்சு எழும். நொந்த மனிதரால் அந்தப் பட்டத்தைச் சுமக்க முடியாது. போவதானால் டில்லியில் எழுதிய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போகவேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து விட்டுப்போகாமல் வாங்கிக்கொள்ளலாம்.

அவசரம் என்று வந்தால் மேலே சொன்ன நிதானத்துக்கெல்லாம் இடமில்லை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வாயில் வந்தாலோ, திடீரென்று யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி மனைவி கையில் கொடுத்தாலோ, அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "சாகணும்னு தோணுதாண்ணே?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டவரிடம் மனம் திறப்பவர்கள்தான் அதிகம். அன்று அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஒளித்து வைக்கிற பழைய வழக்கத்துக்கும் இப்போது நியாயமில்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைத் தண்டனைக்குரியவராக அல்ல, கடும் மன நெருக்கடியில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற டெலிபோன் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. தமிழில் பேசவும் வசதி இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘ஸ்நேஹா’வில் தொண்டர்கள் இதற்கென்றே காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வேலை

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் சாஸ்திரி பவனிலும் நிர்மாண் பவனிலும் காகிதத்தோடு வாழ்கிறவர்கள். ஃபைல் எழுதுவது உங்களுக்கு மூச்சு விடுவது போல. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலோ, பள்ளிக்கூட வாசலிலோ, நாடகம் பார்க்கப் போன தமிழ்ச் சங்கத்திலோ ஒரு பெயின்டிங் காண்டிராக்டரையோ பிளம்பிங் காண்டிராக்டரையோ உங்களுக்குப் பழக்கம் இருக்கும். அவர் ஒரு மாதமாகக் கண்ணில் படாவிட்டால், போன் எடுக்காவிட்டால், "பெரிய ஆளாகிவிட்டார்" என்று எண்ணாமல் ஒரு நடை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

போனால் புத்தி சொல்ல உட்காராதீர்கள். "தைரியமா இருங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்" என்பது அவருக்கு நூறு பேர் சொன்னது. தைரியம் இல்லாததுதானே நோய்! "அண்ணே, பில் போடாத வேலை ஏதாச்சும் இருக்கா? அந்தப் பையைக் கொண்டாங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். எல்லாக் காண்டிராக்டர் வீட்டிலும் ஒரு பை இருக்கும். பெயின்ட் கடை ரசீது, ஆட்கூலி எழுதிய சிகரெட் அட்டை, பிரித்துப் பார்க்காத கடிதங்கள், சாரம் வாடகைச் சீட்டு எல்லாம் ஒன்றாய்த் திணித்த பை. அதைத் திறக்கத்தான் அவருக்குப் பயம். நீங்கள் திறந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வரவேண்டியது, தரவேண்டியது, கிழித்துப் போடவேண்டியது. அளவை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு பில் போதும். கையெழுத்தை மட்டும் அவரையே போடச் சொல்லுங்கள்.

தரவேண்டிய குவியலைக் கண்டு அவர் மிரளுவார். அதற்கும் குமாஸ்தா புத்தி கைகொடுக்கும். யாருக்கு எப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கூலியாட்களின் பாக்கியை முதலில் வைத்து, கடைக்காரர்களிடம் தவணை கேட்டு நீங்களே அவர் கூடப் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும்: உடம்பு சரியில்லை, வேலை நிற்கவில்லை, இன்ன தேதிக்குள் கணக்குத் தருகிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரிதான். பதிலே வராமல் இருப்பதுதான் வேலை கொடுத்தவரைக் கோபப்படுத்துகிறது. உடம்பு சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்பவர்களே அதிகம். மனச்சோர்வும் உடம்பு சரியில்லாததுதான், இதில் பொய் ஒன்றுமில்லை.

பிறகு திங்கட்கிழமை ஓ.பி.க்குக் கூடப் போக ஆள் வேண்டும். அரை நாள் காஷுவல் லீவு எழுதுங்கள். சீட்டு வாங்கும் வரிசை காலையில் சீக்கிரமே நீண்டுவிடும். அடையாள அட்டையும், பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதுவும், ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.